விமானி கண் அயரலாமா?

வளைகுடா நாட்டுக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள் இல்லாத ஊர் நாஞ்சில் நாட்டில் உண்டா? பிள்ளை ஊர் திரும்புகிறான் என்றால், அன்று இரவு வீட்டில் யாருக்கும் உறக்கம் வராது. நடுச்சாமத்தில் கார் பிடித்து, களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் புறப்படுவார்கள். வழியில் டிரைவர் ஒரு கொட்டாவி விட்டால் போதும். "மக்கா, வண்டிய நிறுத்து. ஒரு சாயா குடிச்சிட்டுப் போவோம்" என்பார், பின்னால் இருக்கும் பெரியவர்.

அதே நேரம் ஆகாயத்தில் வந்துகொண்டிருக்கும் விமானிக்கும் கொட்டாவி வருமே! அவர் எங்கே நிறுத்துவார்?

குறட்டைச் சத்தம்

2010-ம் ஆண்டு மே 22-ந் தேதி. துபாயில் இருந்து இரவெல்லாம் பறந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், காலை 6 மணி அளவில் மங்களூரில் இறங்கியது. குன்றின் மேல் அமைந்த ஓடுபாதை அது. முனையைத் தாண்டினால் பள்ளம். தொடவேண்டிய இடத்தைத் தாண்டித் தரையைத் தொட்ட விமானம், நிற்காமல் ஓடிப் பள்ளத்தில் விழுந்து தீப்பற்றியது. அதில் இருந்தவர்கள் 166 பேர். 158 பேர் மாண்டார்கள். 8 பேரே பிழைத்தார்கள்.

விமானிகள் அறையில் பேச்சைப் பதிவு செய்யும் கருவி உண்டு. அதை விசாரணைக் குழுவினர் கேட்டார்கள். சுமார் 1 மணி 40 நிமிட நேரம் தலைமை விமானியின் பேச்சே இல்லை. கேட்டது குறட்டைச் சத்தம்!

இறங்கும் நேரத்தில் அவர் விழித்துத்தான் இருந்தார். ஆனால் அயர்ந்து தூங்குகிறவரைத் தட்டி எழுப்பிப் பாருங்கள். கண் திறந்திருக்கும், புத்தி தெளியச் சிறிது நேரம் ஆகும். "இறங்க வேண்டாம், மேலே ஏற்றுங்கள்" என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். எச்சரிக்கைக் கருவியும் கத்தியது. அவர் கேட்கவில்லை. அந்தத் தூக்கக் கலக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று விசாரணைக் குழு கருதியது.

விடியலுக்கு முந்திய சில மணி நேரம் மனித உடம்பு மிகவும் சோர்ந்திருக்கும். கையில் எத்தனை பட்டம் இருந்தாலும் உடம்பு கேட்காது.

48 மணி நேர ஓய்வு

இதற்காகத்தான் அரசாங்கம் விமானிகளுக்கு வேலை நேர விதி வைத்திருக்கிறது. 7 நாளில் 35 மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடாது. "வாரத்துக்கு 35 மணிதானா? சொகுசு வேலை!" என்று நினைத்துவிடாதீர்கள். அது விமானத்தை ஓட்டும் நேரம் மட்டுமே. முன்னதாக வந்து ஆஜராவது, விமானம் கிளம்பத் தாமதமானால் காத்துக் கிடப்பது எல்லாம் தனிக் கணக்கு.

2024 ஜனவரியில் விதி இன்னும் இறுகியது. வார ஓய்வு 36 மணியில் இருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது. இரவு என்பது 12 மணி முதல் காலை 5 வரை என்று இருந்தது, 6 வரை என்று ஆயிற்று. இரவு வேலையில் இத்தனை தடவைதான் தரை இறக்கலாம் என்ற அளவும் குறைந்தது.

செலவு கூடும் விஷயம் அல்லவா? விமானக் கம்பெனிகள் முணுமுணுத்தன. விமானிகள் சங்கங்கள் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போயின. கடைசியில் 2025 ஜூலை 1-ந் தேதி ஒரு பகுதியும், நவம்பர் 1-ந் தேதி மீதியும் அமலுக்கு வந்தன.

அடுத்த மாதமே என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். இண்டிகோ கம்பெனியின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. பெட்டியும் கையுமாக ஜனங்கள் விமான நிலையத்தில் படுத்துக் கிடந்தார்கள். "புதிய விதியால் வந்த வினை" என்று சிலர் பேசினார்கள். அது சரியல்ல. விதி வரப்போவது ஏறக்குறைய இரண்டு வருஷம் முன்பே தெரியும். அதற்குத் தக்கபடி ஆள் ஏற்பாடு செய்யாதது யார் குற்றம்? திட்டமிடுவதில் தவறிவிட்டதாக அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

ஆனாலும் அரசாங்கம், இரவு வேலை விதிகள் சிலவற்றில் இருந்து அந்தக் கம்பெனிக்கு விலக்குக் கொடுத்தது. 2026 பிப்ரவரி 10-ந் தேதி வரை என்று கெடுவும் வைத்தது. நெருக்கடி தீர அது உதவியிருக்கலாம். விமானிக்கு வரும் தூக்கத்துக்கு யார் விலக்குக் கொடுப்பது?