வேரைத் தாண்டிப் போகும் யூரியா

மாத்தளை மாவட்டத்தின் லக்கலவில் பழைய பல்லேகம நகரம் இன்று தண்ணீருக்கடியில் கிடக்கிறது. 2018இல் களுகங்கை நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பத் தொடங்கியபோது கடைத்தெருவும் காணிகளும் மூழ்கின. மக்களுக்குப் புதிய நகரமும் புதிய காணிகளும் கிடைத்தன. புதிதாகத் திருத்திய காணியில் வேளாண்மை செய்தவர்கள் எல்லோரும் அறிந்த தொல்லை ஒன்று உண்டு. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்தும்போது, வெட்டிய பக்கத்தில் மேல்மண் போய் அடிமண் வெளியே வந்துவிடும். நிரப்பிய பக்கத்தில் நல்ல மண் குவிந்துவிடும். ஒரே வரம்புக்குள் ஒரே விதை, ஒரே பசளை. ஆனால் ஒரு மூலையில் பயிர் வெளிறி நிற்கும், மறுமூலையில் கரும்பச்சையாகத் தழைத்துச் சாயும்.

வெளிறிய மூலைக்கு இன்னொரு வாளி யூரியா என்பதுதான் வழக்கமான வைத்தியம்.

யூரியா மலிந்து கிடந்த காலத்தில் அந்த வைத்தியம் கையைச் சுடவில்லை. 2005/06 பெரும்போகம் முதல் நெல் விவசாயிக்கு 50 கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் தடை நீங்கியது, பழைய விலை மட்டும் திரும்பவில்லை. 2022இல் இந்தியக் கடனுதவியில் வந்த யூரியாவை அரசாங்கமே மூடை 10,000 ரூபாவுக்கு விற்றது. யூரியாவில் நைதரசன் 46 சதவீதம். அதாவது அந்த மூடைக்குள் இருப்பது 23 கிலோ. நெல் வயலில் இடும் நைதரசனில் பாதிகூடப் பயிருக்குள் போவதில்லை, பல இடங்களில் மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் அமோனியாவாகக் காற்றோடு போகும், நைத்திரேற்றாக வேருக்குக் கீழே இறங்கும், அல்லது வாய்க்கால் வழியே ஓடும். களுகங்கை அம்பன் கங்கையில் சேர்ந்து பொலன்னறுவைப் பக்கம் போகிறது. லக்கலவில் வீணாகும் பசளை லக்கலவோடு நின்றுவிடுவதில்லை.

எங்கே எவ்வளவு போட வேண்டும் என்பதை மண்ணிடமே கேட்கலாம் என்று வந்தவைதான் மண் உணரிகள். இணையத்தில் விற்கும் ஒரு வகைக்கு இப்போது ஏக கிராக்கி: உருக்குக் கம்பிகள் நீட்டிய சிறு பெட்டி, மண்ணில் குத்தினால் நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் மூன்றுக்கும் தனித்தனி எண் காட்டும். உண்மையில் இந்த மலிவுக் கருவிகளில் பெரும்பாலானவை அளப்பது மண்ணின் மின்கடத்துதிறனை மட்டுமே. அந்த ஒரே அளவிலிருந்து மூன்று எண்களையும் உள்ளே இருக்கும் சூத்திரம் கணித்துத் தள்ளுகிறது. குழம்பில் உப்பு ருசி பார்த்துவிட்டு மிளகாய் இத்தனை, மல்லி இத்தனை என்று கணக்குச் சொல்வதைப் போன்றது இது. அதிலும் பொசுபரசு பெரும்பாலும் மண் துணிக்கைகளோடு இறுகப் பிடித்துக் கிடப்பது. கடத்துதிறனில் அது சரியாகத் தெரியாது. அந்த எண்ணை நம்பி மூடை வாங்குவதைவிட வாங்காமல் இருப்பது மேல்.

நம்பத்தக்க கருவி தண்ணீரை அளப்பது. நீரின் மின்காப்பு மாறிலி ஏறக்குறைய 80, காய்ந்த மண்ணினது 3 முதல் 5 வரைதான். இவ்வளவு பெரிய வித்தியாசம் இருப்பதால் மண்ணின் ஈரத்தைச் சாதாரண மின்சுற்றே ஓரளவு சரியாகச் சொல்லிவிடும். ஈரத்துக்கும் பசளைக்கும் என்ன தொடர்பு? நைத்திரேற்று தண்ணீரோடு கரைந்து தண்ணீரோடு நகர்வது. மிளகாய், வெங்காயம் போன்ற மேட்டுநிலப் பயிரில் தண்ணீர் வேரைத் தாண்டினால் பசளையும் தாண்டிவிடும்.

இதை விவசாயிகள் கண்ணால் காணும்படி செய்தவர் அவுஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவன விஞ்ஞானி ரிச்சர்ட் ஸ்டிர்ஸாக்கர். அவருடைய ஒரு கருவி மண்ணில் புதைக்கும் புனல். பாய்ச்சிய நீர் அந்த ஆழத்துக்கு இறங்கியதும் மேலே ஒரு சிவப்பு அடையாளம் எழும்பி நிற்கும். புனலில் சேர்ந்த நீரைச் சிரிஞ்சால் உறிஞ்சி, நைத்திரேற்று பார்க்கும் காகிதக் கீற்றை நனைத்தால் அது ஊதா நிறமாகும். நிறம் கடுமையாக இருந்தால் பசளை அங்கே வந்திருக்கிறது என்று பொருள். இன்னொரு கருவியின் பெயர் 'கமீலியன்', பச்சோந்திதான். வெவ்வேறு ஆழங்களில் புதைத்த உணரிகளுக்கு ஏற்ப விளக்கு நீலமாக எரிந்தால் ஈரம், பச்சை அளவானது, சிவப்பு காய்ச்சல். எழுத்தே தேவையில்லை.

2013 முதல் தன்சானியா, சிம்பாப்வே, மொசாம்பிக் நாடுகளின் சிறு நீர்ப்பாசனத் திட்டங்களில் இவை கொடுக்கப்பட்டன. விளக்கு நீலமாகவே எரிவதைப் பார்த்த விவசாயிகள் தண்ணீர் பாய்ச்சும் தடவைகளைக் குறைத்தார்கள். பசளை வேரருகிலேயே தங்கியது, விளைச்சல் ஏறியது. பசளையை மிச்சப்படுத்தியது பசளை அளக்கும் கருவியல்ல என்பதுதான் இதில் சுவையான விஷயம்.

தமிழ்நாட்டில் இதே பாடம் வேறு வழியில் கற்கப்பட்டது. 2004 முதல் 2007 வரை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேயரில் துல்லியப் பண்ணையத் திட்டத்தை நடத்தியது. நீரில் கரையும் பசளையைச் சொட்டுநீர்க் குழாய் வழியே சிறுகச் சிறுக வேருக்கே அனுப்புவது அதன் உயிர்நாடி. முதல் ஆண்டில் முழுச் செலவையும் அரசு ஏற்றது, பிறகு மானியம் படிப்படியாகக் குறைந்தது. விவசாயிகள் குழுக்களாகச் சேர்ந்து சங்கம் அமைத்துக்கொண்டதும் அங்கேதான்.

மாத்தளைக்கும் சொட்டுநீர் புதிதல்ல. உலக வங்கி உதவியோடு நடந்த விவசாயத்துறை நவீனமயமாக்கல் திட்டத்தில் இந்த மாவட்டமும் இருந்தது. சிறுபோகத்தில் பம்பு போட்டு மிளகாய் வைப்பவருக்கு ஈர உணரி உடனே பயன்தரும். தண்ணீர் தேங்கி நிற்கும் நெல் வயலுக்கு அது வேலைக்கு ஆகாது. அங்கே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய இலைநிற அட்டை போதும். நான்கு பச்சைகளில் இலை எதனோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து யூரியா போடலாம், போடாமலும் விடலாம். மின்கலம் வேண்டாத உணரி அது.

வெட்டிய மூலைக்கும் நிரப்பிய மூலைக்கும் மட்டும் ஆய்வுகூடம் தேவை. இரண்டு மூலை மண்ணையும் ஒரே பையில் கலந்தால் சராசரிதான் வரும். அது இரண்டு மூலைக்குமே பொருந்தாது. ஒவ்வொரு மூலையிலும் வளைந்து வளைந்து நடந்து, பல இடங்களில் 15 சென்றிமீற்றர் ஆழத்துக்கு மண் எடுத்து, நன்றாகக் கலந்து, அரைக் கிலோ வீதம் தனிப்பையில் கட்டிப் பெயர் எழுத வேண்டும். பெரும்போக மழை ஒக்டோபரில் தொடங்குகிறது. ஓகஸ்ட் மாதமே பைகளை விவசாயப் போதனாசிரியர் மூலம் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டால், முதல் மூடை பிரிக்கும் நேரத்தில் முடிவு கையில் இருக்கும்.