போர் இழப்பீடும் தோன்றா எழுவாயும்: சன்பிரான்சிஸ்கோ மாநாடும் ஊவாத் தோட்டத் தொழிலாளரும்

ஆக்கிரமிப்பு நடத்திய அரசொன்றின் சொத்துகள் எதிரணி நாடுகளின் கையில் அகப்படும்போது, அவற்றைப் பறிமுதல் செய்யலாமா, முடக்கிவைப்பதோடு அமையவேண்டுமா என்னும் வினா எழுகின்றது. அவ்வினா அந்நேச நாடுகளையே பிளவுபடுத்தவும் கூடும். 2022இல் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தபின் மேற்குலகில் முடக்கப்பட்ட ரஷ்ய மத்திய வங்கிச் சொத்துகள் இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டாகும். அவற்றின் பெரும்பகுதி பெல்ஜியத்தில் உள்ளது. சட்டப்பொறுப்புத் தன் தலைமேல் விழுமென அஞ்சிய அந்நாடு, அச்சொத்துகளின் அடிப்படையில் உக்ரேனுக்குக் கடன் வழங்கும் திட்டத்தை எதிர்த்தது. ஈற்றில், 2025 டிசெம்பரில், ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள் அச்சொத்தைத் தொடாது 9,000 கோடி யூரோவைப் பொதுக்கடனாகத் திரட்டத் தீர்மானித்தனர்.

இவ்வகைப் பிணக்கு இலங்கைக்குப் புதியதன்று. 1951 செப்டெம்பரில் நடைபெற்ற சன்பிரான்சிஸ்கோ மாநாட்டில் யப்பானிடம் இழப்பீடு கோருவது பற்றி நேச நாடுகள் முரண்பட்டன. அங்கு இலங்கை எடுத்த நிலைப்பாடு இன்றும் பெருமையுடன் நினைவுகூரப்படுகின்றது. அந்நிலைப்பாட்டைப் பதுளைப் பகுதித் தோட்டங்களிலிருந்து நோக்கின் புலப்படுவது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் மாநாட்டின் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவோம். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த அவ்வேளையில் யப்பானைத் தன் அணியில் நிலைநிறுத்த முனைந்த அமெரிக்கா, பாரிய இழப்பீட்டுச் சுமையை விரும்பவில்லை. பிலிப்பைன்சும் இந்தோனேசியாவும் இழப்பீட்டை வற்புறுத்தின. இந்தியாவும் பர்மாவும் மாநாட்டுக்கே செல்லவில்லை; சோவியத் ஒன்றியம் சென்றும் கையெழுத்திடவில்லை. உருவான உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு இரண்டு வழிகளைத் திறந்தது. தத்தம் ஆட்சி எல்லைக்குள் இருந்த யப்பானியச் சொத்துகளைக் கைப்பற்றி விற்கும் உரிமை நேச நாடுகளுக்குக் கிடைத்தது. யப்பானியப் படைகள் ஆக்கிரமித்துச் சேதப்படுத்திய நாடுகள், யப்பானியரின் உழைப்பைச் சேவையாகப் பெறுவது குறித்துப் பேசலாம் என்றும் கூறப்பட்டது. பர்மா 1954இல் 20 கோடி டொலருக்கும், பிலிப்பைன்ஸ் 1956இல் 55 கோடி டொலருக்கும் யப்பானுடன் உடன்பாடு கண்டன.

இலங்கையின் சார்பில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன செப்டெம்பர் 6ஆம் திகதி உரையாற்றினார். விமானத் தாக்குதல்கள், பெரும்படைகள் நிலைகொண்டமை, இறப்பர் மரங்களை அழியுமளவுக்குப் பால்வெட்டியமை ஆகிய மூன்று சேதங்களைச் சுட்டி, இவற்றுக்கு இழப்பீடு கோர இலங்கைக்கு உரிமையுண்டு என்றார்; ஆயினும் புத்தர் போதனையை முன்னிறுத்தி அதனைக் கோரப்போவதில்லை என அறிவித்தார். இலங்கை ஆக்கிரமிக்கப்பட்ட நாடன்று. ஆகவே சேவை வழியான இழப்பீட்டுக்கு உரிய நாடுகளுள் அது அடங்கவில்லை. துறக்கப்பட்ட உரிமையின் நடைமுறைப் பெறுமதி குறைவு என்பதை இவ்விடத்து மனங்கொள்ளவேண்டும்.

இலக்கிய மாணவன் என்ற முறையில் இவ்வுரையை ஒரு பனுவலாகவே வாசிக்க விழைகின்றேன். மூன்றாவது சேதத்தில் வினை உண்டு, செயப்படுபொருள் உண்டு, எழுவாய் இல்லை. மலாயா வீழ்ந்தபின் நேச நாடுகளின் இயற்கை இறப்பர்த் தேவை பெரிதும் இலங்கைமேல் தங்கியது. மரங்களைப் பேரளவில் வெட்டிப் பாலெடுத்த தோட்டத் தொழிலாளர் அவ்வாக்கியத்தின் தோன்றா எழுவாய் ஆவர். மரத்தின் தேய்மானம் நாட்டின் இழப்பாகக் கணிக்கப்பட்டது. உழைத்தவரின் தேய்மானம் கணக்கில் ஏறவில்லை.

ஊவா பெரிதும் தேயிலை நாடு. இறப்பர் அதன் கீழ்ப்பகுதியில், மொனராகலைப் பக்கத்தில், சிறிதளவே உண்டு. எனினும் போரின் சுமை பசறை, அப்புத்தளை, பண்டாரவளைத் தேயிலைத் தோட்டங்களையும் அழுத்தியது. தேயிலையைப் பிரித்தானிய அரசு மொத்தக் கொள்வனவாகப் பெற்றது. 1939இல் இந்தியா தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தமையால் புதிய கைகள் வரவில்லை. 1942இல் பர்மாவின் வீழ்ச்சியோடு அரிசி வரத்து அற்றது. பங்கீட்டுக் கோதுமை மா லயன்களின் அடுப்புக்கு வந்தது. இச்சேதங்கள் எவையும் உரையின் பட்டியலில் இல்லை.

இவ்விடுபாடு தற்செயலானதன்று என்பதைக் காலவரிசையே காட்டுகின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப்பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1949இல் அவர்களது வாக்குரிமையும் பறிபோனது. இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ்ப் பிரசாவுரிமை கோரி விண்ணப்பிக்கும் காலவரம்பு 1951 ஓகஸ்ட் 5ஆம் திகதி முடிவுற்றது. சன்பிரான்சிஸ்கோ உரை நிகழ்ந்தது ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின்னர். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் அளிக்கப்பட்ட அவ்விண்ணப்பங்களுள், ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரசாவுரிமை கிட்டியது. உலக அரங்கில் ஆக்கிரமிப்பாளனை மன்னித்த அரசு, உள்நாட்டில் தன் செல்வத்தை ஆக்கியோரைக் குடிகளாக ஏற்க மறுத்தது. கோரிக்கையைத் துறக்க எவரிடம் ஒப்புதல் பெறவேண்டுமோ, அவரிடம் வாக்குச்சீட்டே இருக்கவில்லை.

அம்மன்னிப்பில் நற்பயன் எதுவுமில்லை என்று வாதிடுவது நேர்மையாகாது. தோல்வியுற்ற நாட்டின் உழைக்கும் மக்கள்மீது ஆளும் வர்க்கத்தின் போர்க்கடனைச் சுமத்துவது நீதியன்று என்பதை முதலாம் உலகப் போரின் பின் ஜெர்மனி பெற்ற அனுபவம் காட்டியுள்ளது. இவ்வகையில் இலங்கையின் நிலைப்பாடு முற்போக்கான கூறொன்றைக் கொண்டிருந்தது. ஆனால் பறிமுதலை வற்புறுத்தியோரும் மறுத்தோரும் ஓர் அடிப்படையில் ஒன்றுபட்டனர்: இழப்பீடு அரசுக்கும் அரசுக்கும் இடையிலான கணக்கு என்பதே அது. அக்கணக்கில் உழைப்பவர் உரிமையாளராக இடம்பெறுவதில்லை. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் அம்மக்களே பங்கிடப்படும் தொகையாயினர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படும் என எழுதப்பட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

ஆகவே, முடக்கிய சொத்துகளைப் பற்றி இன்று நிகழும் விவாதத்தை மதிப்பிடும்போதும், பறிமுதல் சட்டப்படி செல்லுமா என்னும் வினாவோடு நிற்றல் போதாது. சேதத்தைச் சுமந்தவர் யார், அவர் பெயரால் கோரவும் துறக்கவும் உரிமை பெற்றவர் யார் என்பனவும் கேட்கப்படவேண்டும். ஊவாத் தோட்டங்களின் வரலாறு இவ்வினாக்களைத் தவிர்க்கவொண்ணாதனவாக்குகின்றது.