சித்திரை மழையின் கணக்கு

பங்குனி கழிந்து சித்திரை பிறந்தால் பெங்களூர் வாசிகளின் கண்கள் வானத்தை நோக்குகின்றன. பிற்பகல் மூன்று மணி வரை வெயில் கொளுத்தும்; நான்கு மணிக்குக் கீழ்வானம் கறுக்கும்; ஐந்து மணிக்கு இடியும் காற்றும் மழையும் சேர்ந்து வந்து, காக்ஸ் டவுன் வீதிகளில் மரக்கிளைகளை ஒடித்துப் போட்டுவிட்டு, விளக்கேற்றும் நேரத்திற்குள் ஓய்ந்துவிடும். நமக்கு அம்மழை உடலுக்குக் குளிர்ச்சி. மிஞ்சினால் மின்சாரம் போன தொல்லை. ஆனால், நகரெல்லை தாண்டி நிற்கும் உழவனுக்கு அது ஓராண்டு வாழ்வின் முன்னுரை. இளவேனில் மழைக்கும் பயிருக்கும் உள்ள தொடர்பை, தாவரவியல் பயிலும் மாணவன் என்ற முறையில், இங்கே சுருக்கமாக விளக்க முயல்கிறேன்.

முதலில் இம்மழை எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். மார்ச் முதல் மே வரை தீபகற்பத்தின் நிலப்பரப்பு கடுமையாகச் சூடேறுகிறது. சூடேறிய காற்று இலேசாகி மேலே எழுகிறது. அரபிக்கடலிலிருந்தும் வங்கக்கடலிலிருந்தும் வரும் ஈரக்காற்றும் அதனுடன் கலந்து உயர்ந்து, குளிர்ந்து, கோபுரம் போன்ற இடிமேகங்களாகத் திரள்கிறது. அதனால்தான் இம்மழை பெரும்பாலும் மாலையில் வருகிறது. இடி மின்னலுடன் வருகிறது. சில வேளை ஆலங்கட்டியையும் கொண்டு வருகிறது. பருவமழையைப் போல் நாடெங்கும் பரந்து பெய்யாமல், காக்ஸ் டவுனில் கொட்டிவிட்டு ஜெயநகரை வறண்டு கிடக்க விடுவதும் இதனால்தான்.

ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இம்மழை பெரிதன்று. பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரியாகச் சற்றேறக்குறைய 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏப்ரல் மாதத்தின் பங்கு சுமார் 60 மில்லிமீட்டர்தான். மே மாதத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்து ஒரு சிகரத்தைத் தொட்டு, ஜூனில் சற்றுத் தணிந்து, செப்டம்பரில் மீண்டும் உயர்ந்து பெரிய சிகரத்தை அடைகிறது. அளவில் சிறியதான இச்சித்திரை மழையை உழவர்கள் ஏன் அவ்வளவு ஆவலோடு எதிர்பார்க்கிறார்கள்? விடை, மழையின் அளவில் இல்லை. அது வரும் நாளில் இருக்கிறது. இதற்கு மூன்று பயிர்களைச் சான்றாகக் காட்டலாம்.

முதலாவது கேழ்வரகு. பெங்களூரைச் சுற்றியுள்ள செம்மண் நிலம் கோடையில் ஏர்முனை இறங்காதபடி இறுகிவிடும். ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் அரை அடி ஆழம் ஈரம் இறங்கும். ஏர் பூட்ட அது போதும். அந்த ஈரத்தில் சரிவுக்குக் குறுக்கே உழுதால், களைகள் வேரோடு புரளுகின்றன. மண்ணுக்குள் உறங்கும் பூச்சிகளின் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளின் அலகிலும் அகப்பட்டு மடிகின்றன. அடுத்த மழை வழிந்தோடாமல் மண்ணுக்குள் இறங்குகிறது. "கோடை உழவு கோடி நன்மை" என்று நம் முன்னோர் சொன்னதன் பொருள் இதுவே. அன்றியும், மே மாத ஈரத்தில் தட்டைப்பயறு விதைத்து அறுத்தெடுத்து, பின்னர் ஆகஸ்டில் கேழ்வரகு நாற்றை நட்டு, ஒரே புன்செய்யில் இரு போகம் காணலாம். சித்திரை மழை பொய்த்தால் பறிபோவது இந்த முதற் போகம்.

இரண்டாவது காப்பி. குடகிலும் சிக்கமகளூரிலும், நம் சேர்வராயன் மலையிலும் விளையும் காப்பிச் செடியின் பூ மொட்டுகள் கோடை வறட்சியில் ஓரளவு வளர்ந்து, பின் வளராமல் உறங்குகின்றன. இந்த வறட்சியும் அவற்றுக்குத் தேவையே. ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை மழை பெய்ததும் உறக்கம் கலைந்து, எட்டுப் பத்து நாட்களில் தோட்டமெங்கும் வெள்ளை வெளேரென மலர்ந்துவிடுகின்றன. ரொபஸ்டா வகைக்கு இம்மழை பிப்ரவரி, மார்ச்சிலும், அராபிகா வகைக்கு மார்ச், ஏப்ரலிலும் வரவேண்டும். தோட்டக்காரர்கள் இதைப் பூ மழை என்கிறார்கள். வெறும் தூறலோடு நின்றுவிட்டால் மொட்டுகள் அரைகுறையாக விரிந்து கருகும். நன்றாக மலர்ந்த அன்றே மற்றொரு மழை கொட்டினாலோ மகரந்தம் கழுவப்பட்டுக் காய் பிடிப்பது குறையும். பிறகு இரண்டு மூன்று வாரங்களில் இன்னொரு மழை வந்தால்தான் பிடித்த பிஞ்சு நிலைக்கும். ஆக, இன்று வேண்டிய மழை பத்தாம் நாள் வேண்டாததாகி, இருபதாம் நாள் மீண்டும் வேண்டியதாகிறது! பாளெஹொன்னூர் அருகே 1925ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட காப்பி ஆராய்ச்சி நிலையம் இத்தகைய நுட்பங்களையெல்லாம் ஆராய்ந்து வந்திருக்கிறது. நீர்வசதி உள்ளோர் தெளிப்பான் கொண்டு பூ மழையைத் தாமே பெய்விக்கின்றனர். இல்லாதோர் வானத்தைப் பார்க்கின்றனர்.

மூன்றாவது மா. கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்திலும் நமது கிருஷ்ணகிரியிலும் மாந்தோப்புகள் நிறைந்திருப்பதை அறிவீர்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மா பூக்கிறது. அப்போது மழையும் மேகமூட்டமும் நீடித்தால், மகரந்தத்தைச் சுமக்கும் ஈக்கள் பறப்பதில்லை. பூசண நோய் கண்டு பூங்கொத்துகள் கருகி உதிர்கின்றன. காய் பிடித்த பிறகு வரும் மென்மழையோ காயைப் பருக்கச் செய்கிறது. அதனால்தான் மாஞ்சாரல் என்ற அழகிய பெயர் பெற்றது. அதே சாரல் சூறைக்காற்றும் ஆலங்கட்டியுமாக வந்தால், முற்றாத காய்கள் தரையில் குவியும். அடிபட்ட காய் அழுகும். பூவிலே பகை, பிஞ்சிலே நட்பு, முற்றிய காயிலே மீண்டும் பகை. மாவுக்கும் மழைக்கும் உள்ள உறவு இதுதான்.

இங்கே சுவையான செய்தி ஒன்று. ஞாயிறு எந்த நட்சத்திரத்தில் நிற்கிறதோ, அதன் பெயரையே அந்நாட்களில் பெய்யும் மழைக்கும் சூட்டுவது கன்னட உழவர் மரபு. ஏப்ரல் நடுவில் அசுவினி மழை, மாத இறுதியில் பரணி மழை, மே நடுவில் கார்த்திகை மழை என அவை தொடரும். பரணி பெய்தால் தரணி தழைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. நாமோ பரணியின் பிற்பகுதி முதல் ரோகிணியின் தொடக்கம் வரையுள்ள அதே நாட்களை அக்கினி நட்சத்திரம் என்று அஞ்சுகிறோம்! வானம் ஒன்றுதான், மேட்டு நிலத்தான் அதில் மழையைத் தேடினான், சமவெளியான் வெயிலைக் கண்டான். அவரவர் மண்ணுக்கேற்ற நாட்குறிப்பு அது.

இக்குறிப்பு பிசகும்போது என்ன நேரும் என்பதை 2024ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஏப்ரலில் பெங்களூர் நகரில் மழையே பதிவாகவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நகரின் வடபகுதிக் குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. ஆண்டு முழுவதையும் கூட்டிச் சராசரி காண்பவருக்கு இதில் குறையொன்றும் தெரியாது. ஆனால், அக்டோபர் வெள்ளத்தை ஏப்ரல் உழவுக்குக் கடனாகக் கொடுக்க முடியுமா? நம் காவிரிப் படுகையில் 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பெய்த மழையும் இத்தகையதே. ஐப்பசியில் பெய்திருந்தால் வரவேற்றிருப்போம். அறுவடைக்கு நின்ற சம்பா நெல்லைச் சாய்த்துவிட்டது. பிற நாடுகளிலும் நிலைமை இதுவே. பிரான்சு நாட்டில் 2021 மார்ச்சின் வெப்பத்தில் முன்கூட்டியே துளிர்த்த திராட்சைக் கொடிகளை, ஏப்ரல் மாதத்து உறைபனி சில இரவுகளில் கருக்கியது.

ஆகவே, உழவரின் இழப்பை அளக்கும் கோல் ஆண்டுச் சராசரியாக இருத்தல் தகாது. காப்பிக்கென வகுக்கப்பட்ட மழைக் காப்பீட்டில் பூ மழைக்கும், அதற்குப் பின்வரும் மழைக்கும், பருவமழைக்கும் தனித்தனியே கணக்கு வைத்தார்கள். அந்த முறை கேழ்வரகு விதைக்கும் சிறு உழவனுக்கும், நான்கு மாமரம் வைத்திருப்பவனுக்கும் உரியதாக வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு ஊர்தோறும் மழைமானியும், நாள்தோறும் தவறாத குறிப்பும் தேவை. நம்மில் பலருடைய பெற்றோர் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் வேலூரிலும் இன்றும் நிலத்தோடு வாழ்கின்றனர். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள், "இவ்வாண்டு மழை எப்படி?" என்று கேட்பதோடு நிற்காமல், "எந்தத் தேதியில் பெய்தது? அப்போது பயிர் எந்த நிலையில் இருந்தது?" என்றும் கேட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஐந்தாறு ஆண்டுகளில் அது உங்கள் ஊருக்கு உதவும் நல்லதோர் ஆவணமாகும்.