பிள்ளையின் பையில் ஒரு பேனாக்கத்தி



பெற்றோருடன் வந்து அதிபரைச் சந்திக்க வேண்டும் என்று பாடசாலையிலிருந்து ஒரு துண்டுக் கடிதம் வருகிறது. விசாரித்தால், மகனின் புத்தகப் பையில் பேனாக்கத்தி அகப்பட்டதாம்! மாங்காய் வெட்டவோ பென்சில் சீவவோ எடுத்ததை அவன் பையிலேயே மறந்திருப்பான். ஆனால் பாடசாலை அதை ஆயுதம் என்கிறது. ஒழுக்காற்று விசாரணை, வகுப்புத் தடை, விடுகைப் பத்திரத்தில் ஒரு கறுப்பு வரி என்று உம்மாவின் மனம் எங்கெங்கோ ஓடுகிறது.

நம் மலையகத்தில் கத்தி இல்லாத வீடு ஏது? தோட்டத்து லயத்தில் கவ்வாத்துக் கத்தி உண்டு. நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களிலும் அட்டன் கடைவீதியிலும் கத்தியின்றி வேலை நடவாது. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானுக்கென்று தீட்டி வைக்கிறோம். இவை நடுவே வளரும் பிள்ளைக்குக் கத்தி ஒரு கருவி மட்டுமே.

ஆனால் பாடசாலைக்குப் பிள்ளையின் நிய்யத் தெரியாது. அது பையை மட்டுமே பார்க்கிறது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளின் பின் நம் நாட்டில் இந்தப் பார்வை இன்னும் கடுமையானது. மே மாதத் தொடக்கத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் பொதுமக்களைக் கேட்டனர். அன்றாட வேலைக்கு வேண்டிய கத்திகளுக்கு அதில் விலக்கு இருந்தது. மே 6ஆம் திகதி தரம் 6 முதலான வகுப்புகள் தொடங்கியபோது பிள்ளைகளின் பைகள் சோதிக்கப்பட்டன. அந்த நாட்களில் குசினிக் கத்தியையும் எண்ணி அஞ்சிய முஸ்லிம் வீடுகள் எத்தனை!

இதில் மார்க்கம் நமக்கு என்ன வழி காட்டுகிறது? ஒருவர் அம்புகளுடன் பள்ளிவாசலுக்குள் வந்தார். அவற்றின் முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் இச்செய்தி உண்டு. சகோதரியே, இதைச் சிந்தித்துப் பாருங்கள். அவர் கெட்ட எண்ணத்துடன் வந்தவர் அல்லர். ஆனாலும் நல்லெண்ணம் இருந்தால் போதும் என்று விட்டுவிடவில்லை. அதேசமயம் அவரைத் துரத்தவுமில்லை, அம்புகளைப் பறிக்கவுமில்லை. பிறருக்குத் தீங்கு வராமல் முனையை மூடினார்கள், அவ்வளவுதான்.

பிள்ளைக்கும் பாடசாலைக்கும் இதில் பாடம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நெருக்கியடித்து நடமாடும் இடத்துக்குக் கத்தி ஆகாது என்ற விதி நியாயமானதே. தண்டனையும் நியாயமாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் 2009இல், கத்தியும் கரண்டியும் முள்ளும் ஒன்றாய் மடங்கும் முகாம் கருவியைச் சாப்பிடுவதற்காகக் கொண்டுசென்றான் 6 வயதுச் சிறுவன் ஒருவன். 45 நாள் சீர்திருத்தப் பாடசாலைக்கு அனுப்ப முடிவாயிற்று! ஊரே கொதித்தது. பிறகு சிறுபிள்ளைகளுக்காக விதியையே தளர்த்தினார்கள். கனடாவின் மொன்றியலில் 2001இல் சீக்கிய மாணவன் ஒருவனின் கிர்பான் பாடசாலை முற்றத்தில் விழுந்துவிட, தடை வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மர உறையில் இட்டு, துணியால் சுற்றித் தைத்து, உடைக்குள் அணிந்தால் தடையில்லை என 2006இல் தீர்ப்பாயிற்று. இங்கும் முனையை மூடுவதுதான் தீர்வாக அமைந்தது.

கடிதம் வந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் பிள்ளையை அடிக்காதீர்கள். பக்கத்தில் அமர்த்தி எதற்கு எடுத்தாய், யாரிடமாவது காட்டினாயா, யாரையாவது மிரட்டினாயா என்று கேளுங்கள். விளையாட்டுக்கேனும் சகோதரனை நோக்கி இரும்பை நீட்டுபவரை மலக்குகள் சபிக்கிறார்கள் என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. அப்படி நடந்திருந்தால் மறைக்க வேண்டாம். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் சென்று மன்னிப்புக் கேளுங்கள். அப்படி இல்லையென்றால் நடந்ததை நடந்தபடி எழுதி, வாப்பாவோ நீங்களோ பிள்ளையுடன் அதிபரிடம் கொடுங்கள். “என் மகனின் கத்தியே அல்ல” என்று பொய் சொல்லித் தப்பிக்க முயலாதீர்கள். கத்தி ஒரு நாளில் மறக்கப்படும், பொய் மறக்கப்படாது. முடிவெடுக்கும் முன் பிள்ளையின் வாயாலும் கேட்கும்படி பணிவாக வேண்டுங்கள். பாடசாலையில் அடித்துத் தண்டிப்பதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை தடுக்கிறது. வரம்பு மீறினால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

இதெல்லாம் வராமலே தடுக்கவும் வழியுண்டு. பென்சிலுக்குச் சீவியைக் கொடுங்கள். பழத்தை வீட்டிலேயே வெட்டிக் கொடுத்தனுப்புங்கள். இரவில் புத்தகங்களை அடுக்கும்போது பையின் அடிவரை பிள்ளையுடன் சேர்ந்து பாருங்கள். சந்தேகப்பட்டுச் சோதிப்பதாக அவனுக்குத் தோன்றக் கூடாது. அவனிடம் அம்பு முனையின் கதையைச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை கத்தியைத் தானாகவே எடுத்து அலுமாரியில் வைப்பான்.