நாடு விட்டு நாடு சென்ற காளான் அறிஞர்

உலகில் இதுவரை பெயரிடப்பட்டுள்ள பூஞ்சை இனங்களின் எண்ணிக்கை சுமார் 1,55,000. ஆனால் உண்மையில் இருப்பவை சுமார் 25 லட்சம் இருக்கலாம் என்று லண்டன் கியூ தாவரவியல் பூங்கா 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை மதிப்பிடுகிறது. அதாவது, பூஞ்சைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை இன்னும் அறிவியலின் பதிவேட்டில் இடம்பெறவில்லை.

மழைக்குப் பின் தரையில் குடை விரிக்கும் காளான்களும் இந்தப் பூஞ்சைக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. அவற்றை இனம் பிரித்துப் பெயரிடுவது ஏட்டுப் படிப்போடு நின்றுவிடும் வேலை அல்ல. ஐரோப்பாவில் அதிக உயிர்களைப் பறிக்கும் அமானிட்டா ஃபலாய்டஸ் என்ற காளான், தோற்றத்தில் உண்ணத்தக்க சில காளான்களை ஒத்திருக்கிறது. அதை உண்டவருக்குப் பல மணி நேரம் எந்த அறிகுறியும் தெரிவதில்லை. தெரியும்போது நஞ்சு கல்லீரலைத் தாக்கத் தொடங்கியிருக்கும். எது எந்த இனம் என்பதைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் அப்போது தேவைப்படுகிறார்கள்.

அத்தகையோரில் 20ஆம் நூற்றாண்டின் முதன்மையானவர்களில் ஒருவர் ரோல்ஃப் சிங்கர். 2,400க்கும் மேற்பட்ட புதிய இனங்களையும் துணைப்பிரிவுகளையும், 80க்கும் மேற்பட்ட புதிய பேரினங்களையும் அவர் விவரித்தார். இவ்வளவு பணியையும் அவர் ஒரு நாட்டில் நிலைத்திருந்து செய்யவில்லை. அவருடைய அறிவியல் வாழ்வின் பாதையைப் பெரிதும் தீர்மானித்தது அவர் காலத்து அரசியல்.

வெளியேற்றங்களின் தொடர்

சிங்கர் 1906ஆம் ஆண்டு ஜெர்மனியின் பவேரியா பகுதியில் உள்ள ஷ்லியர்சே என்ற ஊரில் பிறந்தார். மியூனிக்கிலும் பின்னர் வியன்னாவிலும் பயின்று, 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நிலைமை மாறியது. ஜெர்மனியை விட்டு வெளியேறிய சிங்கர், வியன்னா வழியாக ஸ்பெயினின் பார்சிலோனாவுக்குச் சென்று அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பணியில் அமர்ந்தார்.

ஆனால் ஜெர்மன் அரசின் நெருக்குதல் அங்கும் அவரை விடவில்லை. ஸ்பெயின் அதிகாரிகளின் தொல்லைக்கு ஆளாகி 1934இல் பிரான்ஸ் சென்றார். பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சில மாதங்கள் இருந்த பின், சோவியத் ஒன்றியத்தின் லெனின்கிராட் நகரில் அறிவியல் கழகத்தின் தாவரவியல் பூங்காவில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்து அவர் சைபீரியாவின் அல்தாய் மலைகள் வரை களப்பயணம் மேற்கொண்டார்.

காளான்களைப் பற்றிய அவரது வகைப்பாட்டின் முதல் பெரும் வடிவம் 1936இல் வெளிவந்தது. அது அச்சானது, அவர் விட்டு வெளியேற நேர்ந்த ஜெர்மனியின் ஆய்விதழ் ஒன்றில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

அவர் மாற்றியது என்ன?

ஸ்வீடனைச் சேர்ந்த எலியாஸ் ஃப்ரீஸ் 1821ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட நூல்களே காளான் வகைப்பாட்டுக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தன. காளானின் வெளித்தோற்றம், குடையின் அடிப்பகுதியில் உள்ள தகடுகள் தண்டோடு இணைந்திருக்கும் விதம், அவற்றிலிருந்து உதிரும் வித்துத் தூளின் நிறம் ஆகியவை அதில் முக்கிய இடம் பெற்றன. கண்ணால் கண்டே பிரிக்கலாம் என்பது அந்த முறையின் வசதி. ஒன்றுக்கொன்று உறவில்லாத காளான்கள் தோற்ற ஒற்றுமையால் ஒரே பிரிவில் சேர்ந்துவிடுவது அதன் குறை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சில பிரெஞ்சு, சுவிஸ் அறிஞர்கள் நுண்ணோக்கியின் துணையோடு இதைத் திருத்த முயன்றனர். அந்த வழியை உலகம் முழுவதற்குமான முறையாக விரித்தவர் சிங்கர். குடையின் மேல்தோல் அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள முறை, வித்துகளின் மேற்பரப்பு, அயோடின் கலந்த கரைசலில் அவை கருநீலமாக மாறுகின்றனவா என்பன போன்ற அடையாளங்களை அவர் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்.

காளான் ஓரிரு நாளில் அழுகிவிடும் என்பதால், இந்த ஆய்வு காட்டிலேயே தொடங்க வேண்டும். நிறம், மணம், அருகில் நிற்கும் மரம் ஆகியவற்றை உடனே குறித்துக்கொண்டு, பின்னர் காளானை உலர்த்திக் காப்பகத்தில் வைக்க வேண்டும். புதிய இனத்துக்குப் பெயர் சூட்டும்போது, அவ்வாறு வைக்கப்பட்ட மாதிரி ஒன்றே அந்தப் பெயருக்கு நிரந்தரச் சான்றாகிறது.

தென் அமெரிக்கா தந்த விரிவு

1941இல் சிங்கர் அமெரிக்கா சென்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபார்லோ காப்பகத்தில் பணியாற்றினார். 1948இல் அர்ஜென்டினாவின் துக்குமான் நகருக்குச் சென்று மிகுவேல் லியோ நிறுவனத்தில் பேராசிரியரானார். பின்னர் புவெனஸ் அயர்ஸ், சிலி என்று இருந்துவிட்டு, 1968இல் அமெரிக்காவின் சிகாகோ நகருக்குத் திரும்பினார்.

ஐரோப்பிய காளான்களை வைத்து உருவான பழைய பிரிவுகளுக்குள் வெப்ப மண்டலக் காளான்கள் பல அடங்கவில்லை. ஆண்டிஸ் மலைக் காடுகளிலும் அமேசான் காடுகளிலும் சேகரித்த மாதிரிகள் சிங்கருடைய வகைப்பாட்டை ஐரோப்பிய எல்லைக்கு வெளியே கொண்டுசென்றன. மரங்களின் வேர்களோடு கூட்டு வாழ்க்கை நடத்தும் காளான்கள் அங்குள்ள காடுகளுக்கு எவ்வளவு இன்றியமையாதவை என்பதையும் அவர் ஆராய்ந்தார்.

அவருடைய தலையாய நூலான 'நவீன வகைப்பாட்டில் அகாரிகேல்ஸ்' துக்குமானின் ஆய்விதழில் வெளியானது. அட்டையில் 1949 என்று இருந்தாலும் உண்மையில் அது வெளிவந்தது 1951இல். முதலில் முறையாக வெளியான பெயரே செல்லும் என்பது பெயரிடல் விதி என்பதால், அறிஞர்கள் இன்றும் 1951ஐயே கணக்கில் கொள்கின்றனர். நான்காம் பதிப்பு 1986இல் வந்தது.

பெயருக்கான போட்டி

இதே விதி சர்ச்சைக்கும் வழிவகுத்தது. மெக்சிகோவின் பழங்குடியினர் சடங்குகளில் பயன்படுத்தும், மனமயக்கம் தரும் காளான்களை அமெரிக்க வங்கியாளர் கோர்டன் வாசனும் பிரெஞ்சு அறிஞர் ரோஜே எய்மும் ஆராய்ந்து வந்தனர். 1957இல் சிங்கர் அப்பகுதிக்குக் குறுகிய பயணம் மேற்கொண்டார். அடுத்த ஆண்டு அலெக்சாண்டர் ஸ்மித் என்பவருடன் சேர்ந்து ஆய்வை வெளியிட்டார்.

வாசனின் நினைவாக ஓர் இனத்துக்கு எய்ம் சூட்டிய பெயர், சிங்கரும் ஸ்மித்தும் அதே இனத்துக்கு முன்னதாக வேறு பெயர் வெளியிட்டதால் செல்லாமல் போனது. பல ஆண்டுகள் உழைத்தவர்களைச் சிங்கர் முந்திக்கொண்டார் என்ற மனக்கசப்பு வாசனுக்கு நீடித்தது. விதிப்படி சிங்கர் தரப்பின் பெயரே நிலைத்தது. அது நியாயமா என்ற கேள்விக்கு விதியில் பதில் இல்லை.

மரபணு ஆய்வுக்குப் பின்

சிங்கர் 1994இல் காலமானார். அந்தக் காலகட்டத்தில் வளரத் தொடங்கிய மரபணு ஆய்வு, அவருடைய வகைப்பாட்டின் பல பகுதிகளைத் திருத்தியது. தகடுகளுக்குப் பதிலாக நுண்துளைகள் கொண்ட பொலீட்டஸ் காளான்களையும், ருசுலா குடும்பத்தையும் அவர் அகாரிகேல்ஸ் வரிசைக்குள் வைத்திருந்தார். இன்று அவை தனித்தனி வரிசைகளாகக் கருதப்படுகின்றன.

எனினும், அந்தத் திருத்தத்துக்கே அவர் சேகரித்து உலர்த்தி வைத்த மாதிரிகள் தேவைப்படுகின்றன. அவையோ ரஷ்யா, அமெரிக்கா, அர்ஜென்டினா, சிலி எனப் பல நாடுகளின் காப்பகங்களில் சிதறிக் கிடக்கின்றன. சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகம் 1997இல் அவருடைய பயணங்களையும், அவர் வைத்த பெயர்களையும் தொகுத்து வெளியிட்ட பின்னரே அவற்றைத் தேடுவது எளிதாயிற்று.

சிங்கரின் வாழ்வை இடப்பெயர்வின் வெற்றிக் கதையாக மட்டும் பார்க்க முடியாது. ஒரு நாடு துரத்தியபோது வேறொரு நாடு அவருக்கு ஒரு மேசையும், ஒரு நுண்ணோக்கியும், மாதிரிகளை வைக்க ஓர் அலமாரியும் கொடுத்தது. அதனால்தான் அந்தப் பணி அறுபடவில்லை. இன்று கருவிகள் மேம்பட்டுள்ளன. ஆனால் காளானைக் காட்டிலேயே கண்டறியும் பயிற்சி பெற்ற வகைப்பாட்டியலாளர்களுக்கான பதவிகள் பல நாடுகளில் அருகி வருகின்றன. பெயரில்லாத 90 சதவீதத்தைப் பதிவு செய்யப்போவது யார், அவர்களுக்கு அந்த மேசையைத் தரப்போவது யார் என்பதே இப்போது எஞ்சியிருக்கும் கேள்வி.