'மிஷினில் போட்டால் அவ்வளவுதானா?' எஸ்.பி.பி.யின் 51 நாள் போராட்டம்

"மிஷின்ல போட்டுட்டாங்களா? அப்போ அவ்ளோதான்!"

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் நிமோனியா முற்றிய நோயாளியின் வீட்டில் சகஜமாக கேட்கிற பேச்சு இது. இந்த பயத்திலேயே ஆஸ்பத்திரிக்கு போகாமல் நாள் கடத்துகிறவர்கள் உண்டு.

மிஷின் ஆளை கொல்வதில்லை. நோயை குணமாக்குவதும் இல்லை! பிறகு என்னதான் செய்கிறது?

ஆவடிக்கு அப்பால் தாமரைப்பாக்கம் பண்ணை வீட்டில் அடக்கம் செய்யப்பட்ட பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கு நடந்ததை பார்த்தாலே புரியும்.

லேசான காய்ச்சல்

2020 ஆகஸ்டு 5-ந்தேதி. லேசான காய்ச்சல், சளி. சோதித்தால் கொரோனா. சென்னை எம்.ஜி.எம். ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். யாரும் கவலைப்பட வேண்டாம் என்று வீடியோவில் அவரே சொன்னார்.

13-ந்தேதி இரவு நிலைமை தலைகீழானது. வென்டிலேட்டர் வைத்தார்கள். பிறகு எக்மோ.

அவருக்கு கொரோனா நீங்கிவிட்டது என்று செப்டம்பர் 7-ந்தேதி மகன் சரண் அறிவித்தார். ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் மிஷினை எடுக்க முடியவில்லை. 25-ந்தேதி பகல் 1.04 மணிக்கு உயிர் பிரிந்தது. வயது 74.

கிருமி போயும் ஏன்?

நிமோனியாவில் நுரையீரலின் காற்றுப் பைகளில் நீரும் சீழும் கட்டிக்கொள்ளும். எவ்வளவு இழுத்து மூச்சு விட்டாலும் ஆக்சிஜன் ரத்தத்தில் சேராது. பாக்டீரியா கிருமியை கொல்ல ஆன்டிபயாடிக் உண்டு. புண்ணான நுரையீரலோ மெள்ளத்தான் ஆற வேண்டும். அதுவரை உயிரை தாங்கிப் பிடிக்கிறது வென்டிலேட்டர். அதுவும் போதாதபோது, ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, திருப்பி அனுப்புவது எக்மோ. இரண்டும் வாங்கித் தருவது நாட்களைத்தான்.

குப்புற படுக்கை

காசே இல்லாத ஒரு வைத்தியமும் உண்டு. வென்டிலேட்டரில் இருப்பவரை தினம் 16 மணி நேரம் குப்புற படுக்க வைப்பது! பிரான்சு டாக்டர்கள் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், மல்லாக்க கிடந்தவர்களில் 28 நாளில் 100-க்கு 33 பேர் இறந்தார்கள். குப்புற கிடந்தவர்களில் 16 பேர்தான். குழாய் எதுவும் பிடுங்கிக்கொள்ளாமல் புரட்ட நாலைந்து பேர் வேண்டும், அவ்வளவுதான்.

எப்போது ஓட வேண்டும்?

நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாத திணறல். உதட்டில் நீலம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியில் 94-க்கு கீழே. வயதானவர்களுக்கு காய்ச்சலே இல்லாமல் பிதற்றல் மட்டும்கூட வரலாம். "விடியட்டும், பாத்துக்கலாம்" என்று இருப்பதுதான் ஆபத்து.

108 ஆம்புலன்சுக்கு காசு கிடையாது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுவதைவிட அது மேல். வண்டியிலேயே ஆக்சிஜன் இருக்கிறது.