ஏலம் கேட்டவர் பணம் தராவிட்டால்?

மத்தியப் பிரதேசத்தில் சோயா மிகுதியாக விளைகிறது. அங்கே ஒரு விவசாயி பத்து குவிண்டால் சோயாவை மண்டிக்குக் கொண்டு வருகிறார். மண்டி என்றால் என்ன? தமிழ்நாட்டில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் என்கிறோமே, அதைப் போன்றதுதான்.

முன்பு வியாபாரிகள் குவியலைச் சுற்றி நின்று ஏலம் கேட்பார்கள். இன்று பல மண்டிகளில் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஏலம் நடக்கிறது. இதற்காக மத்திய அரசு 2016 ஏப்ரல் 14 அன்று 'இ-நாம்' என்ற மின்னணுச் சந்தையைத் தொடங்கியது. அன்று 21 மண்டிகள் சேர்ந்தன. இன்று 1,300க்கும் மேற்பட்ட மண்டிகள் சேர்ந்துள்ளன. தமிழ்நாட்டின் விற்பனைக் கூடங்கள் பலவும் இதில் உண்டு.

இந்த ஏலத்தில் வெளியூர் வியாபாரியும் விலை கேட்கலாம். போட்டி கூடினால் விலையும் கூடும். இது நல்லதுதான். ஆனால் ஒரு கவலையும் இருக்கிறது. அதிக விலை கேட்டவர் பணம் தராவிட்டால் என்ன செய்வது?

ஏலம் எப்படி நடக்கிறது?

மண்டி வாசலில் சரக்கைப் பதிவு செய்து ஓர் எண் தருகிறார்கள். பிறகு மாதிரி எடுத்துத் தரம் பார்க்கிறார்கள். வியாபாரிகள் விலை கேட்கிறார்கள். யார் கேட்டது அதிகமோ, அந்த விலை விவசாயிக்குத் தெரிவிக்கப்படுகிறது. விலை பிடிக்காவிட்டால் அவர் மறுக்கலாம். அந்த உரிமை அவருக்கு உண்டு. ஒப்புக்கொண்டால் எடை போட்டு, விற்பனைச் சீட்டு எழுதுகிறார்கள். பிறகு பணம் அவருடைய வங்கிக் கணக்குக்கு வர வேண்டும்.

திரையில் தெரியும் விலை பணம் ஆகாது. கணக்கில் ஏறினால்தான் அது பணம்.

சிலர் ஏன் பணம் தருவதில்லை?

காலையில் விலை கேட்கிறார்கள். மாலைக்குள் சந்தை விலை இறங்கிவிடுகிறது. உடனே வியாபாரி பின்வாங்குகிறார். "சரக்கில் ஈரம் இருக்கிறது. விலையைக் குறையுங்கள்" என்கிறார். இன்னொருவர் தவறான எண்ணை அழுத்திவிட்டதாகச் சொல்கிறார். வேறொருவர் கையில் பணம் இல்லாமலேயே ஏலம் கேட்டிருப்பார்.

சரக்கு மண்டியிலேயே இருந்தால் நட்டம் குறைவு. மறுபடியும் ஏலம் விடலாம். சரக்கு லாரியில் ஏறிப் போய்விட்டால்தான் தொல்லை. அதனால்தான் பணம் வருமுன் சரக்கை வெளியே விடக்கூடாது. தரம் பார்த்த சீட்டும் கையில் இருக்க வேண்டும். ஈரம் என்று சொல்பவருக்கு அந்தச் சீட்டே பதில்.

சட்டம் என்ன சொல்கிறது?

மண்டிச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மத்தியப் பிரதேசத்தில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி வாங்கியவர் அன்றே பணம் தர வேண்டும். தாமதித்தால் நாள் ஒன்றுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் சேர்த்துத் தர வேண்டும். ஐந்து நாளுக்குள் தராவிட்டால் ஆறாம் நாள் அவருடைய உரிமம் ரத்தாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குவிண்டால் 4,500 ரூபாய் என்றால் பத்து குவிண்டாலுக்கு 45,000 ரூபாய். ஒரு நாள் தாமதத்துக்கு 450 ரூபாய். ஐந்து நாளுக்கு 2,250 ரூபாய்.

ஆனால் விவசாயி புகார் சொன்னால்தானே மண்டிக் குழுவுக்குத் தெரியும்? வாயால் சொன்னால் போதாது. எழுதிக் கொடுக்க வேண்டும். பதிவு எண், தேதி, எடை, விலை, வியாபாரியின் பெயர் ஆகியவற்றை எழுத வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும்.

காசோலை திரும்பி வந்தால்?

சிலர் காசோலை தருகிறார்கள். வங்கியில் போட்டால் "கணக்கில் பணம் இல்லை" என்று திரும்புகிறது. இதற்கு நாடு முழுவதும் ஒரே சட்டம். வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் வியாபாரிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தர வேண்டும். தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். குற்றம் உறுதியானால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். நாள் தவறினால் வழக்கு நிற்பது கடினம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். அதற்கான தொலைபேசி எண் 15100.

இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. "பணம் அனுப்புகிறேன், உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று செல்போனில் கேட்பார்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அந்த எண்ணைப் போட்டால் நம் பணம்தான் போகும்.

நினைவில் வையுங்கள்

1. மண்டியில் உரிமம் பெற்றவருக்கே விற்க வேண்டும்.
2. எல்லாச் சீட்டுகளையும் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.
3. பணம் ஏறியதை வங்கிக் கணக்கில் பார்த்த பிறகே சரக்கை அனுப்ப வேண்டும்.
4. பணம் வராவிட்டால் அன்றே எழுத்தில் புகார் தர வேண்டும்.

உங்கள் ஊர் விற்பனைக் கூடத்தில் பணம் தர எத்தனை நாள் கெடு? தராதவர் மீது என்ன நடவடிக்கை? அடுத்த முறை போகும்போது கேட்டு எழுதி வையுங்கள். உழைத்து விளைவித்த பொருளுக்கு உரிய பணம் கைக்கு வந்தால்தான் விற்பனை முடிந்தது என்று பொருள்.